பந்திக்கு அழைத்தவன்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மத்தியானச் சோறு யார் போட வேண்டும் என்பதை நம்மில் பலர் ஒரு கேள்வியாகவே நினைப்பதில்லை. கேட்ட மாத்திரத்தில் பதில் வந்துவிடுகிறது. "பெற்றவன் போடட்டும்" என்பார் ஒருவர். "ஊரில் மகராசர்கள் நாலு பேர் இல்லையா, அவர்கள் போடட்டும்" என்பார் இன்னொருவர். "சர்க்கார் பின் எதற்கு இருக்கிறது?" என்பார் மூன்றாமவர். மூவருக்கும் உள்ள ஒற்றுமை ஒன்றுதான். மூவரும் சாப்பிட்டுவிட்டு வந்து பேசுகிறவர்கள். நானும் சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதனால் என் அபிப்பிராயத்தைச் சொல்வதற்கு முன்னால் மற்ற மூவருக்கும் உள்ள நியாயத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுவிடுவது மரியாதை.

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. அன்று முதல் இந்தப் பழைய விவாதம் ரயிலிலும் கல்யாண வீட்டிலும் புது வேகத்தோடு கிளம்பிவிட்டது. மத்தியானச் சோற்றை ஒருவாறு ஜீரணித்துக்கொண்டவர்களுக்குக் கூடக் காலை உப்புமா தொண்டையில் நிற்கிறது. "பெற்றவள் காலையில் இரண்டு இட்லி கூடவா வைத்துக் கொடுக்க மாட்டாள்? எல்லாவற்றையும் சர்க்காரே செய்தால் தாய் எதற்கு, தகப்பன் எதற்கு?" என்று என்னிடம் கேட்டவர் கல்நெஞ்சர் அல்லர், மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கிய ஒரு கணக்குப்பிள்ளை. தம் பிள்ளைகளின் டப்பாவில் என்றைக்கு என்ன இருந்தது என்பது இன்றைக்கும் அவருக்கு நினைவிருக்கிறது.

அவருடைய கட்சியை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. சாப்பாட்டு டப்பா வெறும் டப்பா அல்ல. காலை ஐந்து மணிக்கு எழுந்த ஒருத்தியின் உழைப்பும், 'இவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது' என்ற ஞாபகமும் அதற்குள் மூடிக் கிடக்கின்றன. பசித்த நேரத்தில் மூடியைத் திறக்கும் பிள்ளைக்கு, தான் யாருடைய பிள்ளை என்பது சொல்லாமலே தெரிகிறது. புறநானூற்றில் பொன்முடியார் கடமைகளைப் பங்கிடும்போது பெற்று வளர்ப்பதைத் தாய்க்கும், சான்றோனாக்குவதைத் தகப்பனுக்கும் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கொல்லனிடமும் அரசனிடமும் வருகிறார். வரிசையில் வீடு முதலில், அரண்மனை அதற்கு அப்புறம். நம்முடைய கணக்குப்பிள்ளையும் அந்த வரிசையைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார்.

இந்த வாதம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1906-இல் இங்கிலாந்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் உணவு தரலாம் என்று ஒரு சட்டம் வந்தது. அதில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. பிள்ளை அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டதற்காகவோ, தகப்பன் அதற்குரிய காசைக் கட்டத் தவறியதற்காகவோ தகப்பனுடைய வாக்குரிமை போய்விடாது என்பது அந்த விதி. அதைக் கூடவா எழுதி வைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஏழைகளுக்கான நிவாரணம் வாங்குகிறவனுக்கு ஓட்டுரிமை கிடையாது என்பது அந்த நாட்டில் அதுவரை இருந்த வழக்கம். டைஸி என்ற புகழ்பெற்ற சட்ட அறிஞருக்கு இந்தச் சலுகை பிடிக்கவில்லை. தகப்பன் என்ற முறையில் கடமை தவறியவன் பிரஜை என்ற முறையில் முழு உரிமையோடு இருப்பது எப்படி நியாயம் என்பது அவருடைய கட்சி.

அது நூறு வருஷத்துக் கதை என்று விட்டுவிடலாமா? 2020 அக்டோபர் 21-ஆம் தேதி, கொரோனாக் காலத்தில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையிலும் உணவு தர வேண்டும் என்ற தீர்மானம் அதே நாட்டுப் பார்லிமெண்டில் 261-க்கு 322 என்ற கணக்கில் தோற்றது. பெற்றவர்களின் பொறுப்பை அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கேயும் பேசினார்கள். மார்கஸ் ராஷ்ஃபோர்டு என்ற 22 வயதுக் கால்பந்து வீரர், சிறு வயதில் பள்ளிக்கூடத்து இலவசச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர், முன்னே நின்று ஜனங்களின் கருத்தைத் திரட்டினார். மூன்று வாரத்துக்குள் அரசாங்கம் இறங்கி வந்தது. ஒரு பெரிய சபை 322 கைகளால் தீர்மானித்ததை, பசித்துப் பழகிய ஒருவர் மாற்ற வைத்தார். பொதுஜன அபிப்பிராயம் என்பது கல்லில் வெட்டியதல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இனி, பெற்றவர் கட்சியில் எனக்குப் படுகிற குறையைச் சொல்கிறேன். அவர்கள் பெற்றவனையும் பிள்ளையையும் மட்டும் பார்க்கிறார்கள். நடுவில் ஒரு மணி அடிக்கிறதே, அதை மறந்துவிடுகிறார்கள். முன்காலத்தில் பிள்ளை வீட்டில் இருந்தான். அல்லது மாட்டின் பின்னால் இருந்தான். மாடு மேய்த்தால் மாட்டுக்காரர் வீட்டில் கூழ் கிடைக்கும். அவன் சோற்றை அவனே சம்பாதித்தான். காமராஜர் ஒரு கிராமத்தில் காரை நிறுத்தி ஆடு மேய்க்கும் பையன் ஒருவனிடம் "ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?" என்று கேட்டதாகவும், "போனால் சோறு யார் போடுவார்கள்?" என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதையாகவே இருந்தாலும் அந்தப் பையன் கேட்டதில் பிசகில்லை. அவன் பிச்சை கேட்கவில்லை. 'என் பிழைப்பை விட்டுவிட்டு உன் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்கிறாயே, என் கூழுக்கு என்ன வழி?' என்றுதான் கேட்டான்.

அந்த நாளிலாவது அது அழைப்பு. இன்றைக்கு அது சட்டம். 2009-இல் வந்து 2010 ஏப்ரலில் நடைமுறையான கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 வயதிலிருந்து 14 வயது வரை பிள்ளை பள்ளியில் இருந்தாக வேண்டும். காலையில் மணி அடித்து உள்ளே உட்கார வைத்து, மாலையில் மணி அடித்து வெளியே விடுகிறோம். நடுவில் வரும் உச்சிவேளை யாருடையது? நம் ஊரில் ஒரு சாதாரண நடைமுறை உண்டு. பந்தியில் வந்து உட்காருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தவன்தான் இலை போட வேண்டும். உட்கார வைத்துவிட்டு, "உங்கள் வீட்டிலிருந்து சோறு கொண்டுவரவில்லையா?" என்று கேட்பவனை நாம் மனிதனாக மதிப்பதில்லை.

காலைச் சிற்றுண்டிக்கு இது பொருந்தாதே என்று கணக்குப்பிள்ளை என்னை மடக்கினார். காலையில் பிள்ளை வீட்டில்தானே இருக்கிறான்? நல்ல கேள்வி. ஆனால் விடியுமுன் மில் பஸ் ஏறுகிறவளும், செங்கல் சூளையில் முதல் வெயிலுக்கு முன்பே குனிகிறவளும் காலை எட்டு மணிக்கு எந்த வீட்டில் இருக்கிறார்கள்? அவள் அன்பில்லாதவள் அல்ல, அங்கே இல்லாதவள். அன்றியும், நாம் பிள்ளையை அழைத்தது உட்காருவதற்கு மட்டுமல்ல, படிப்பதற்கு. வெறும் வயிற்றோடு இருக்கிறவனுக்கு முதல் பாடவேளையில் வாத்தியார் சொல்வது காதில் விழும், உள்ளே இறங்காது. அழைப்புப் படிப்புக்கு என்றால், படிப்பு இறங்குவதற்கு வேண்டியதும் அழைத்தவன் பொறுப்பில்தான் சேரும்.

அடுத்தது தருமவான்கள் கட்சி. இதற்கு ஓர் அழகு உண்டு. 1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது அது பெரும்பாலும் ஊரார் கொடையால் நடந்த காரியம். நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து ஊர் ஊராக ஜனங்களைத் தட்டி எழுப்பினார். அரிசி கொடுத்தவர்கள் உண்டு, விறகு கொடுத்தவர்கள் உண்டு, காய்கறி கொடுத்தவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு அரசும் பங்கெடுத்துக்கொண்டது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து நயா பைசா என்று கணக்கு வைத்து, ஆறு பைசா அரசு, நாலு பைசா ஊர். பைசாவின் அளவைப் பார்க்காதீர்கள். 'இது நம் பள்ளிக்கூடம், இவை நம் பிள்ளைகள்' என்று ஓர் ஊர் சொல்லிப் பார்த்தது, அந்த நாலு பைசாவில் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் குளிர்கிறது.

ஆனால் கொடைக்கு இரண்டு குணங்கள் உண்டு. மழை பெய்தால் வரும், பொய்த்தால் நின்றுவிடும் என்பது ஒன்று. பிள்ளைக்குப் பசி அதிகமாகிற வருஷத்தில்தான் ஊரின் கையும் சுருங்குகிறது. மற்றது இன்னும் நுட்பமானது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை நினைத்துப் பாருங்கள். சிந்தாதேவி அவன் கையில் அமுதசுரபியைக் கொடுத்தாள். பசித்தவர்களுக்கெல்லாம் போட்டான், அவனைப் போல் ஒரு வள்ளல் இல்லை. பிறகு இந்திரன் மழையைப் பெய்யவைத்தான். நாடு செழித்தது. பாத்திரத்தை ஏந்திக்கொண்டு திரிந்த ஆபுத்திரனிடம் வாங்கிச் சாப்பிட ஆளில்லை. பசித்தவர்களைத் தேடிக் கப்பலேறிப் போய், மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விட்டான். மனிதர்களில் உத்தமனுடைய கதை இது. அந்த உத்தமனுடைய அறத்துக்குக் கூட எதிரே பசித்தவன் ஒருவன் நிற்க வேண்டியிருந்தது. ஊர் வாழ்ந்தது; வள்ளலுக்கு வேலை இல்லாமற்போயிற்று. கொடுப்பவனுக்குப் புண்ணியம் கிடைப்பதற்காகப் பிள்ளைகள் பசித்திருக்க வேண்டியதில்லை.

கொடுப்பவன் யார் என்பதோடு, என்ன கொடுப்பது என்று தீர்மானிப்பவன் யார் என்பதும் சேர்ந்தே வருகிறது. கர்நாடகத்தில் பல பள்ளிகளுக்கு உணவு தரும் அட்சய பாத்திரா என்ற தொண்டு நிறுவனம் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சமைப்பதைத் தன் கொள்கையாகக் கொண்டிருந்தது. 2018, 2019-இல் அதைப்பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அவர்களுடைய பெரிய சமையற்கூடங்களின் சுத்தத்தையும், நாள்தோறும் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு நேரத்தில் சாப்பாடு போய்ச் சேரும் ஒழுங்கையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு விரதக்காரர் தம் வீட்டில் எதைச் சமைத்தாலும் கேட்க நமக்கு உரிமையில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அவர் வீட்டு விருந்தாளி அல்ல. அவன் வீட்டில் வெங்காயம் உண்டு, முட்டை உண்டு. அவன் வீட்டு ருசியைக் கொடுப்பவருடைய விரதம் மாற்றுவது எந்தக் கணக்கில் சேரும்? 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று ஒரு பழமொழி சொல்கிறோம். மாட்டுக்கு அது சரி. பிள்ளையின் தட்டை மட்டும் தினமும் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். அரிசியில் புழு இருந்தால் கேட்க வேண்டும். முட்டை குறைந்தால் கேட்க வேண்டும். தானத்தில் கேட்க முடியாது. உரிமையில் கேட்கலாம்.

அதனால்தான் மூன்றாமவர் பக்கம் நான் சாய்கிறேன். சர்க்கார் புனிதமானது என்பதற்காக அல்ல. 1920-இல் தியாகராய செட்டியார் தலைமையில் இருந்த சென்னைக் கார்ப்பரேஷன், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. 1925-இல் வெள்ளைக்கார அரசாங்கம் அந்தச் செலவை ஒப்புக்கொள்ளவில்லை. அதிகாரத்தில் இருப்பவன் கையை இழுத்துக்கொண்டால் சர்க்கார் சோறும் நிற்கும். சர்க்காருக்கு ஆபுத்திரனுடைய ஆசையும் உண்டு. தட்டில் சோறு விழுவதற்கு முன்னால் சுவரில் தலைவரின் படம் விழுந்துவிடுகிறது. கொடுப்பது ஜனங்களின் பணம். கும்பிடு வாங்கிக்கொள்வது வேறொருவர். இதையெல்லாம் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1982 ஜூலை முதல் தேதி திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஓட்டுக்காகச் செய்யும் வீண் செலவு என்று படித்தவர்களில் பலர் ஏளனம் செய்தார்கள். ஓட்டு ஆசை இருந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வந்த எந்த ஆட்சியும் அதை நிறுத்தத் துணியவில்லை. ஒருவர் போட்டதன்மேல் இன்னொருவர் போட்டார்கள். 1989-இல் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை வந்தது. 2010-இல் அது வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. 2001 நவம்பர் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதுக்குமாக ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்குச் சமைத்த உணவு, குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள். 'முடிந்தால்' என்ற வார்த்தை அதில் இல்லை. தருமவானிடம் 'ஏன் இன்று போடவில்லை?' என்று வழக்குப் போட முடியுமா? சர்க்கார்மேல் போடலாம். ஓட்டு ஆசை உள்ளவனிடம் இது ஒரு நல்ல குணம். அவன் நம்மைக் கண்டு பயப்படுகிறான். வள்ளல் நமக்குப் பயப்படுவதில்லை.

"சரி, ஏழைப் பிள்ளைக்கு மட்டும் போடட்டுமே, வசதியுள்ளவனுக்கும் என் வரிப்பணத்தில் ஏன்?" என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. நான் படித்த பள்ளியில் மத்தியான மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். எவர்சில்வர் டப்பாக்காரர்கள் வேப்பமரத்தடிக்குப் போவார்கள். தட்டுக்காரர்கள் கொட்டகைப் பக்கம் வரிசையில் நிற்பார்கள். யார் தட்டுக்காரன் என்பது மத்தியானம் வரை காத்திருந்து தெரிய வேண்டியதில்லை. காலையிலேயே பைக்குள் தட்டும் சிலேட்டும் இடித்துக்கொள்ளும் சத்தத்தில் தெரிந்துவிடும். சத்தம் வராமலிருக்கத் தட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த பையன் ஒருவன் இருந்தான். எட்டு வயதுப் பிள்ளை பசியை மறைக்கக் கற்றுக்கொண்டதை எந்த வரிப்பணக் கணக்கில் எழுதுவது? அமெரிக்காவில் சில பள்ளிகளில் சாப்பாட்டுக் காசு பாக்கி வைத்த பிள்ளையின் கையில் முத்திரை குத்தினார்கள். தட்டைப் பிடுங்கிச் சோற்றைக் கொட்டினார்கள். அப்படி அவமானப்படுத்தக் கூடாது என்று 2017-இல் நியூ மெக்சிகோ மாகாணம் சட்டமே போட வேண்டி வந்தது. ஏழையைப் பொறுக்கி எடுத்துப் போடும்போது சோற்றோடு ஒரு முத்திரையும் சேர்ந்து விழுகிறது. எல்லாருக்கும் போட்டால் அது வெறும் சோறு.

எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருவதற்கு நம் நாட்டில் இன்னொரு அர்த்தமும் உண்டு. 2023-இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் சமைத்தாள் என்பதற்காகச் சில பெற்றோர்கள் தம் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். 'பிள்ளைக்குச் சோறு பெற்றவன் உரிமை' என்று பேசுகிறவர்கள் இந்தப் பெற்றோர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுச் சோற்றில் அன்பு இருக்கிறது. சில வீடுகளில் அதோடு வேறொன்றும் கலந்து வருகிறது. அதைக் கழுவுவதற்குப் பள்ளிக்கூடத்துப் பந்தியைத் தவிர வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, பள்ளி நேரத்துச் சோறு அழைத்தவன் கடன், அழைத்தவன் சர்க்கார், சர்க்கார் என்பது நாம். தாயும் தகப்பனும் இதனால் ஒன்றும் இழக்கவில்லை. ராத்திரிச் சோறு அவர்களுடையது, ஞாயிற்றுக்கிழமை அவர்களுடையது, பள்ளி அடுப்பங்கரைக்குள் நுழைந்து பானையைத் திறந்து பார்க்கும் உரிமையும் அவர்களுடையதாக வேண்டும். மகராசர்கள் விரும்பினால் குழாய் போட்டுக் கொடுக்கட்டும், கொட்டகைக்குக் கூரை போடட்டும். பிள்ளையின் பசியை மட்டும் அவர்களுடைய நல்ல மனசின்மேல் கட்டித் தொங்கவிட வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, நம் கட்சிக்காரர்களிடமே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சோறு போடுவது சர்க்கார் என்கிறோம். சர்க்காருக்குக் கை உண்டா? கை வேறொருத்தியுடையது. 1982-இல் இந்த வேலைக்கு ஆட்களை எடுத்தபோது விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தந்தார்கள்; நல்ல எண்ணம்தான். அன்று அடுப்பு மூட்டியவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் மற்ற அரசு ஊழியரைப் போன்ற காலமுறை ஊதியம் கேட்டு ஆண்டு தவறாமல் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். நூறு பிள்ளைக்குச் சோறு வடித்து இறக்கிவிட்டு, தன் பிள்ளைக்கு என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறவளை வைத்துக்கொண்டு, 'இது தருமமல்ல, உரிமை' என்று நாம் பேசினால் கணக்கு இடிக்கிறது. அவளுக்குக் குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், அவள் நம் பிள்ளைகளுக்காகப் போடும் தானம். அவளிடம் அதை யாரும் கேட்டுப் பெறவில்லை. அவள் பெயரை எந்தச் சுவரிலும் எழுதவும் இல்லை.

யார் சோறு போட வேண்டும் என்ற கேள்வியை அடுத்த முறை யாராவது ரயிலில் கிளப்பினால், இப்போது யார் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவரிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.